அற்புதத்தின் யோக்கியதை

"அற்புதம்" என்ற சொல் காதில் விழுந்தாலே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். சாமியார் கையிலிருந்து திருநீறு கொட்டினாலும் சரி, பொருளாதார நிபுணர் கையிலிருந்து புள்ளிவிவரம் கொட்டினாலும் சரி, எங்கேயோ ஒரு மறைப்பு இருந்துதான் தீரும்.

1993ல் உலக வங்கியார் கிழக்காசிய தேசங்களின் வளர்ச்சிக்கு "அற்புதம்" என்றே பெயரிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் இந்தோனேஷியாவும் ஒன்று. அந்நிய மூலதனம் தாராளமாய் வந்து போகக் கதவைத் திறந்துவிட்டால் தேசம் செழிக்கும் என்பது அக்காலத்துப் பிரசாரம். செழிக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தொழிற்சாலைகள் வந்தன, வறுமையும் குறைந்தது. ஆனால் அந்நாட்டுப் பெரிய கம்பெனிக்காரர்கள், வட்டி குறைவென்று குறுகிய தவணையில் டாலராகக் கடன் வாங்கி, ரூபியாவில் வருமானம் வரும் கட்டிடங்களிலும் வியாபாரங்களிலும் போட்டுவிட்டார்கள்.

1997 ஜூலை 2ந் தேதி தாய்லாந்து தன் நாணய மதிப்பைத் தாங்க மாட்டாமல் கைவிட்டது. அடுத்த வீட்டிலும் தீப்பிடிக்குமென்று அந்நிய முதலாளிகள் இந்தோனேஷியாவிலிருந்தும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஏறக்குறைய 2,400 ரூபியாவுக்குக் கிடைத்த டாலர் 1998 ஜூனில் 16,000 ரூபியாவைத் தாண்டியது. 2,400 வாங்கினவன் 16,000 கொடுக்க வேண்டும், வட்டி வேறு!

சர்வதேச நாணய நிதியார் கைகொடுக்க வந்தார்கள். 1998 ஜனவரி 15ந் தேதி சுகார்த்தோ குனிந்து கையெழுத்திட, நிதியின் தலைவர் கம்தெசு பக்கத்தில் கைகட்டி நின்ற படம் உலகமெல்லாம் பரவிற்று. தேசத்தின் மானம் போயிற்றென்று பலர் வருந்தினார்கள். அந்த நிபந்தனைகளில் ஒன்று, சுகார்த்தோவின் மகன் கையிலிருந்த கிராம்பு ஏகபோகத்தை ஒழிக்க வேண்டுமென்பது. நல்ல நிபந்தனைதான். ஆனால் கிராம்புக் குடியானவன் தன் ஓட்டைக் கொண்டு ஒழித்திருக்க வேண்டியதைக் கடன் கொடுத்தவன் வந்து ஒழிக்கும்படி ஆயிற்றே, மானம் போனது அங்கேயல்லவா?

1998 மே 4ந் தேதி பெட்ரோல், மண்ணெண்ணெய் விலைகள் ஏற்றப்பட்டன. 12ந் தேதி ஜகார்த்தாவில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் நகரமே பற்றியெரிந்து ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கடன் வாங்கினவர்கள் யார்? பணத்தோடு ஓடினவர்கள் யார்? எரிந்ததோ சீனச் சில்லறைக்காரனின் கடை. பலாத்காரத்துக்கு ஆளானவர்களோ சீனப் பெண்கள். சுகார்த்தோவுக்கு வேண்டிய பெருமுதலாளிகளில் சிலர் சீனர்கள் என்பது மெய்யே. அதற்கு மூலைக்கடை மளிகைக்காரன் என்ன செய்வான்?

மே 21ந் தேதி, முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்ட சுகார்த்தோ விலகினார். 1999 ஜூனில் சுதந்திரமான தேர்தலும் நடந்தது. உடனே சிலர், உலகச் சந்தைதான் ஜனநாயகத்தைக் கொண்டுவந்தது என்கிறார்கள். இது நல்ல வேடிக்கை! அதே சந்தைதானே அத்தனை வருஷமும் அவருக்குக் கடன் கொடுத்துத் தாங்கியது? பணம் ஓடியது அவரைப் பலவீனப்படுத்தியிருக்கலாம். தெருவில் நின்று குண்டடி பட்டது மாணவர்கள்.

மலேஷியா 1998 செப்டம்பரில் பணம் ஓடும் வழியை அடைத்து, ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப்போட்டது. பெரும் நாசம் வருமென்று நிபுணர்கள் பயமுறுத்தினார்கள், வரவில்லை.

நிற்க. இந்தோனேஷியா 2006ல் நாணய நிதியின் கடனைத் தீர்த்துவிட்டது. ஆனால் முழுகிய வங்கிகளைத் தூக்கி நிறுத்த கவர்ன்மெண்டார் எழுதிக்கொடுத்த பத்திரங்கள் 600 லட்சம் கோடி ரூபியாவுக்கு மேல். டாலரைக் கண்ணால் கண்டிராத ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து அவற்றின் வட்டி அதற்குப் பின்னும் போய்க்கொண்டிருந்தது.