திறந்த வீதிகளும் திறவாத வீடுகளும்

மதுரையின் நடுவூர் மீண்டும் விழித்துக்கொண்டது. 2020 செப்டம்பர் 1 அன்று மீனாட்சி அம்மன் கோயில் பக்தர்களுக்குத் திறக்கப்பட்டது. அதே நாளில் மாவட்டத்துக்குள் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அடுத்த வாரமே வெளிமாவட்டப் பேருந்துகளும் வந்தன. கீழமாசி வீதியில் மளிகை மூட்டைகள் இறங்கின. விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் தீபாவளிச் சரக்கு அடுக்கப்பட்டது. மார்ச் மாதம் மூடி, மெல்லத் திறந்து, ஜூன் 24 முதல் ஜூலை 14 வரை முழு ஊரடங்கில் மறுபடியும் முடங்கிய நகரம் இது. மே 4 அன்று நடந்த திருக்கல்யாணத்தைக்கூட அவ்வாண்டு நாம் வீட்டுத் திரையில்தான் கண்டோம். ஆகவே வீதிகளில் எழுந்த அந்தப் பழைய இரைச்சல் எங்கள் செவிக்கும் இனிமையாகவே இருந்தது.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. கோயில் திறந்தபோதே, 65 வயதைக் கடந்தவர்களும், கர்ப்பிணிகளும், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளும், நீண்டகால நோயுள்ளவர்களும் வீட்டிலேயே இருப்பது நலம் என்று அறிவுறுத்தப்பட்டது. மருத்துவ நோக்கில் அது சரியான அறிவுரை. ஆனால் அதன் பொருள் என்ன? எங்களிடம் சிகிச்சை பெற்றோரில் பெரும்பகுதியினருக்கு இந்நகரம் அப்போதும் திறக்கப்படவில்லை என்பதே.

ஊரடங்கின்போது இவர்களைத் தாங்கியவர்கள் அக்கம்பக்கத்தார். அதை நாங்கள் நேரில் கண்டோம். மருந்துச் சீட்டுகளைத் தெருவாரியாகத் திரட்டிக்கொண்டு வந்து, ஒரே நடையில் பத்து வீட்டுக்கு மாத்திரை வாங்கிச் சென்ற இளைஞர்கள் இருந்தனர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வரவேண்டியவர்களை, அனுமதிச் சீட்டு பெற்று அழைத்துவந்து, முடியும்வரை வாசலிலேயே காத்திருந்த ஆட்டோ ஓட்டுநர்கள் இருந்தனர். உணவகங்கள் மூடியிருந்த நாட்களில், நோயாளியுடன் துணைக்கு இருந்தவர்களுக்குப் பொட்டலச் சோறு வந்த வீடுகள் பல. வேலையற்றிருந்த தையற்காரர் சிலர் முகக்கவசம் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள். சிகிச்சையில் ஒரு பாதி எங்களுடையதென்றால் மறு பாதி இவர்களுடையது.

நல்லதை மட்டும் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. தொற்று வந்த வீட்டைக் கண்டு தெருவே விலகி நின்றதும் உண்டு. குணமடைந்து திரும்பிய ஒருவர், வீட்டு உரிமையாளரிடம் காட்டுவதற்கு எங்களிடம் கடிதம் கேட்டு நின்றார். எங்கள் பக்கத்திலும் குறையுண்டு. புறநோயாளிகள் பிரிவைச் சுருக்கினோம். அவசரமில்லையெனில் பின்னர் வாருங்கள் என்றோம். ஒலித்த தொலைபேசிகள் எல்லாவற்றையும் எங்களால் எடுக்க இயலவில்லை. எது அவசரம் என்று முடிவு செய்யும் சுமை நோயாளியின் தலையில் விழுந்தது. மாடி வீட்டில் தனியே வாழ்ந்த நீரிழிவு நோயாளியான ஒரு மூதாட்டி, காலில் ஏற்பட்ட புண்ணுடன் பல வாரங்கள் கழித்தே வந்து சேர்ந்தார். இரண்டு விரல்களை நீக்க வேண்டியதாயிற்று. கீழ்வீட்டார் இரக்கமற்றவர்கள் அல்லர். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

நகரம் திறந்தபின் எங்கள் கவலை வேறாக இருந்தது. அன்று மருந்து வாங்கித் தந்த இளைஞர் கடை வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆட்டோ ஓட்டுநருக்குச் சவாரி வந்துவிட்டது. அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. மாதக்கணக்கில் வருமானம் இழந்தவர்கள் அவர்கள். ஆனால் வீதி திறந்த அதே நாளில் உதவி நின்றுபோனால், வீட்டுக்குள் இருப்பவருக்கு ஊரடங்கைவிடக் கடினமான காலம் அப்போதுதான் தொடங்குகிறது. பேருதவி தொடர முடியாது. ஆகவே சிற்றுதவி வழக்கமாக வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இது அரசும் மருத்துவமனையும் செய்யவேண்டிய பணியல்லவா என்று கேட்கலாம். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அழைப்பதற்கு ஒருவர் பார்த்திருக்க வேண்டுமே! பிறருக்குப் பாரமாக இருக்க விரும்பாத முதியவர்களின் தன்மதிப்பு என்னாவது என்றும் கேட்கலாம். நோயைப் பற்றித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. காலையில் கதவு திறந்ததா, கடைக்குப் போகிறேன், ஏதேனும் வாங்கவேண்டுமா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் எங்கள் வேண்டுகோள் இது. நம்பிக்கையான அண்டைவீட்டார் ஒருவரிடம் உங்கள் நோயையும் மருந்தையும் சொல்லி வையுங்கள். அவருடைய சம்மதத்துடன் அவர் எண்ணை உங்கள் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதித் தாருங்கள். குறித்த நாளில் நீங்கள் வராவிடில் நாங்கள் அவரை அழைப்போம். மாத்திரை தீர்ந்தபின் தேடாமல், ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். காசநோய் மருந்தை ஒரு நாளும் இடைநிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கைகால் தளர்தல், ஆறாத புண் ஆகியவற்றை எந்தத் தொற்றுக்கு அஞ்சியும் தள்ளிப்போடாதீர்கள்.

உதவ முன்வருவோர் முகக்கவசம் அணிந்து, வாசலிலேயே நின்று, பொருளை வைத்துவிட்டு வரலாம். இன்சுலின் வாங்கிவருபவர் அதை வெயிலில் வைத்துவிடாமல், உறையவும் விடாமல், குளிர்ச்சி குன்றாது சேர்ப்பித்தல் வேண்டும். கடைக்காரப் பெருமக்கள் காலையின் முதல் ஒரு மணி நேரத்தை முதியோருக்கும் அவர்களுக்காகப் பொருள் வாங்க வருவோருக்கும் ஒதுக்கினால், கூட்டமும் குறையும், வணிகமும் கெடாது.

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி வரும். அதற்குள் மாசி வீதிகள் நிரம்பி வழியும். அந்த நெரிசலுக்குள் புகுமுன், உங்கள் தெருவில் இன்னும் வெளியே வர இயலாதவர் எவர் எவர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் ஒருவருடைய பொருளையும் உங்கள் பையில் சேர்த்து வாங்கி வாருங்கள். அந்த வீட்டுக்கும் நகரம் திறந்ததாக அன்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.