கையெழுத்துப் போடுமுன் வாசி!



"தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றவே பெரும்பாடு படுகிறோம். இதில் ஆங்கிலம் வேறு எதற்கு?" என்று நம் கூட்டங்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தமிழ் நம் தாய்மொழி, அதை விட்டுக்கொடுக்க முடியாது. மலாய் நாட்டின் மொழி. அரசாங்கக் கடிதமும் கீழ்நீதிமன்ற வழக்கும் மலாயில் நடக்கின்றன. அதையும் படித்தே ஆக வேண்டும்.

ஆனால் தனியார் கம்பெனி கொடுக்கும் வேலைக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், கடன் பாரம், தனியார் மருத்துவமனைத் தாள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. நம்மிடம் கையெழுத்து வாங்குவதும் இந்தத் தாள்களில்தான்.

சுவா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. நம் பிள்ளைகள் செனாவாங், நீலாய் தொழிற்சாலைகளுக்கும், 1998-இல் திறந்த சிப்பாங் விமான நிலையத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். அப்பா கண்ட கிராணியும் கங்காணியும் அங்கே இல்லை. ஒரு மேசை, ஒரு ஆபீசர், ஒரு தாள். "சைன் ஹியர்" என்கிறார். பையன் சைன் பண்ணிவிடுகிறான்.

அந்தத் தாளில் உள்ள ஒரே ஒரு சொல் என்ன செய்யும் தெரியுமா?

"ரிசைன்" என்றால் நானே வேலையை விடுகிறேன் என்று பொருள். "ரிட்ரெஞ்ச்" என்றால் முதலாளி ஆள் குறைக்கிறார் என்று பொருள். ஆள் குறைத்தால், ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு தர வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. மாதம் 1,700 ரிங்கிட் வாங்கி 12 வருடம் உழைத்தவருக்கு இது 13 ஆயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாது. "ரிசைன்" என்ற தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பணம் இல்லை. வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமையும் நம் தலையில்தான் விழும்.

"விட்னஸ்" என்றால் சாட்சி. "கேரண்டர்" என்றால் ஜாமீன். மச்சான் லோரி வாங்குகிறார், சும்மா சாட்சிக்குத்தானே என்று போட்ட கையெழுத்து, அவர் கட்டத் தவறிய கடனை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்காரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்பதுதான் சட்டம்.

"ஃபுல் அண்ட் ஃபைனல்" என்றால் எல்லாக் கணக்கும் முடிந்தது என்று பொருள். பிறகு பாக்கி கேட்டுப் போனால் முதலில் எடுத்துக் காட்டப்படும் தாள் இதுதான்.

"எனக்கு ஆங்கிலம் தெரியாது ஐயா" என்றால் நீதிமன்றம் விட்டுவிடுமா? பெரும்பாலும் விடாது. 1933-இல் பிரிட்டனில் காப்பிக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி, சிகரெட் விற்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். சிறிய எழுத்தில் இருந்ததை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். இயந்திரம் ஓடவில்லை. வழக்குப் போட்டார், கடைசியில் தோற்றார். வாசித்தாரோ இல்லையோ, கையெழுத்துப் போட்டவர் கட்டுப்பட்டவர் என்றது நீதிமன்றம். நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்த வழியைத்தான் பின்பற்றி வருகின்றன. ஏமாற்றி வாங்கினார்கள் என்று காட்டினால் தப்பலாம், ஆனால் அது குறுகலான வழி.

கடிதத்தைப் பெட்டிக்குள் வைப்பதும் ஆபத்து. அநியாயமாக வேலை நீக்கினால் 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். வண்டித் தவணை தொடர்ந்து இரண்டு முறை தவறினால் இழுப்பதற்கு முன் 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். இதெல்லாம் நமக்குச் சாதகமான சட்டம்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து படித்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும். 61-ஆவது நாள் வரும் தொழிலாளிக்கு வழக்கறிஞர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இது நம் மக்களின் சோம்பலால் வந்த குறை அல்ல. துரைக்கு ஆங்கிலம், தொழிலாளிக்குத் தமிழ், நடுவில் ஆங்கிலம் தெரிந்த கிராணி. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம் இப்படித்தான் ஓடியது. ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன, லயத்தில் இல்லை. 1970 முதல் அவையும் படிப்படியாக மலாய்ப் பள்ளிகளாயின. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றார்கள். 2009-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட முடிவு செய்தார்கள். பணமுள்ளவன் டியூஷன் வைத்துக்கொண்டான். நம் பிள்ளைகள்தான் நடுவில் நின்றார்கள்.

ஆகவே, தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கும் தாளைத் தமிழிலும் கொடு என்று கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அது கிடைக்கும்வரை கைகட்டி உட்கார முடியாது.

இதற்குப் பட்டம் வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம் போதும். கோவில் மண்டபத்திலோ பாலர் பள்ளியிலோ கூடுங்கள். பாடப் புத்தகம் தேவையில்லை. வீட்டுக்கு வந்த சம்பளச் சீட்டு, இ.பி.எப். கணக்கு, காப்புறுதிக் கடிதம் இவற்றைப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துக் கொண்டுவாருங்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். அம்மா, அக்கா, தாத்தா எல்லாரும் பொருள் கேட்கட்டும். வாரத்துக்கு ஒரு சொல் என்றாலும் வருடத்தில் ஐம்பது சொல் ஆகிவிடும். கைப்பேசியில் படம் பிடித்தால் மொழிபெயர்த்துத் தரும், அதையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆபீசர் பேனாவை நீட்டும் நேரத்தில் வாய்தான் உதவும்.

இந்த நான்கு வாக்கியங்களை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்:

"ப்ளீஸ் எக்ஸ்பிளெய்ன் திஸ்." இதை விளக்கிச் சொல்லுங்கள்.
"ஐ வான்ட் அ காப்பி." எனக்கு நகல் வேண்டும்.
"ப்ளீஸ் புட் இட் இன் ரைட்டிங்." எழுத்தில் கொடுங்கள்.
"ஐ வில் நாட் சைன் டுடே." இன்று கையெழுத்துப் போடமாட்டேன்.

இலக்கணம் தவறினால் தவறட்டும். கடைத்தெருவில் சீனத் தவுக்கே உடைந்த மலாயில் வியாபாரம் பண்ணுகிறார். அவர் வெட்கப்படுவதுமில்லை, நாம் சிரிப்பதுமில்லை. நம் பிள்ளை உடைந்த ஆங்கிலத்தில் பேசினால் மட்டும் நாமே சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பை முதலில் நிறுத்துவோம்.

நம் பாட்டன்மார் பலர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. நமக்கு இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே ஒரு தாளோடு தொடங்குவோம்.

வாசிப்போம்! கேட்போம்! பிறகே கையெழுத்து!