பழைய ஸ்போரன் ஆன்லைனில் வாங்குறீங்களா? ‘மேட் இன் ஸ்காட்லாந்து’ முத்திரை மட்டும் ஏன் போதாது?

2025 நவம்பரில் டென்மார்க்கை 4-2 என வீழ்த்தி, ஸ்காட்லாந்து ஆண்கள் கால்பந்து அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 1998-க்குப் பிறகு இதுதான் முதல்முறை. முதல் சுற்று ஆட்டங்கள் பாஸ்டன், மயாமி என அமெரிக்க நகரங்களில். ‘டார்டன் ஆர்மி’ எனப்படும் அந்த நாட்டு ரசிகர் கூட்டம் வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் கில்ட் கட்டிக்கொண்டுதான் போகும். கில்ட்டில் பாக்கெட் கிடையாது. அதனால் இடுப்புக்கு முன்னால் ஒரு பை தொங்கும். அதுதான் ஸ்போரன். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பணப்பைதான்.

கையால் செய்த புது ஸ்போரன் சில நூறு பவுண்டு வரை போகும். அதனால் பலரும் ஏல தளங்களில் பழையதைத் தேடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குது. போட்டோவில் பளபளவென்று இருக்கும் பை என்ன தோல், எந்த நாட்டுச் சரக்கு என்பது வெறும் தரம் பற்றிய கேள்வி இல்லை. பை விமான நிலையத்தைத் தாண்டுமா என்பதும் அதில்தான் இருக்கிறது.

என்ன பிரச்சினை?

விசேஷங்களுக்கு அணியும் ஸ்போரன்களில் காலங்காலமாகப் பயன்பட்டது சீல் எனும் கடல்நாயின் தோல். அமெரிக்காவில் 1972-ம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி சீல் தோல் பொருள்களை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் ரொம்பக் குறுகலானவை. ‘தாத்தா காலத்துப் பை சார்’ என்று சொன்னால் மட்டும் போதாது. தாள் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் சீல் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவரத் தடை போட்டது. இனுயிட் பழங்குடி மக்களின் பாரம்பரிய வேட்டைக்கு விலக்கு உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் இந்த விதியை வைத்துக்கொண்டது. தடைக்கு முன்பே விற்பனைக்கு வந்த பழைய பைகளின் கதை வேறு. ஆனால் அது எப்போது வந்தது என்று எப்படிக் காட்டுவது? செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்?

நீர்நாய், பேட்ஜர் தோல் என்றால் இன்னும் கவனம் தேவை. 2007-ல் ஸ்காட்லாந்தில் வன உயிர் விதிகள் திருத்தப்பட்டபோது, ‘ஸ்போரனுக்கே லைசென்ஸா?’ என்று பத்திரிகைகள் கிண்டலாக எழுதின. விஷயம் கிண்டல் இல்லை. நீர்நாய் போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்கின் பாகத்தை வைத்திருப்பவர், அது 1994-க்கு முன்பு சட்டப்படி எடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் உரிமம் வேண்டும். பேட்ஜருக்கு 1992-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. விலங்கின் தலையே மூடியாக இருக்கும் பழைய ஸ்போரன்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமல் பாடம் செய்ய ஆர்சனிக் பூசுவது வழக்கம். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். குழந்தை கையில் கொடுக்கக் கூடாது.

சீல் தோலா, முயல் தோலா?

விற்பவர் ‘சீல்’ என்று எழுதியிருப்பார், அது முயலாக இருக்கும். தலைகீழாகவும் நடக்கும். சீலின் முடி குட்டையாக, விறைப்பாக, ஒரே திசையில் படிந்திருக்கும். முயலின் ரோமம் மெத்தென்று இருக்கும். விரலால் விலக்கினால் அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு தெரியும், தொட்டால் உதிரும். சீல் மாதிரியே புள்ளி அச்சிட்ட மாட்டுத் தோலும் நிறைய வருது. அதில் ஒரே புள்ளி வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அச்சு என்று அர்த்தம். அதனால் ‘ரோமத்தை விரலால் விலக்கி ஒரு குளோஸ்அப் அனுப்புங்க’ என்று கேட்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது, பின்பக்கப் போட்டோ. முன்பக்கத்தை எல்லோரும் அழகாகத்தான் எடுப்பார்கள். பின்பக்கத் தோலின் தடிமன், பக்கவாட்டு மடிப்பின் தையல், பெல்ட் கோர்க்கும் வளையம், இதில்தான் தரம் தெரியும். கையால் தைத்ததில் நூல் தடிமனாக, ஒவ்வொரு தையலும் லேசாகச் சாய்ந்து இருக்கும். மலிவுச் சரக்கில் பின்பக்கம் அட்டையோ ரெக்சினோ வைத்து, ஓரத்தில் பசை ஒட்டியிருப்பார்கள்.

‘விக்டோரியா காலத்தது’ என்று விளம்பரம் போட்டால் திருகாணியைப் பாருங்க. தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருந்தால் அது 1930-களுக்கு முன்னால் சாத்தியமே இல்லை. நைலான் நூல் 1938-க்குப் பிறகு வந்தது. குரோம் முலாம் வியாபார அளவில் பரவியது 1920-களில். விக்டோரியா மகாராணி இறந்தது 1901-ல். கணக்கு நீங்களே போட்டுக்கலாம்! ரிப்பேரில் மாற்றிய திருகாணியாக இருக்கலாமே என்று கேட்டால், இருக்கலாம்தான். ஆனால் மூன்றும் ஒரே பையில் இருந்தால் ரிப்பேர் கதையை நம்ப முடியாது.

மேலே உள்ள உலோகப் பட்டை வெள்ளி என்றால் ஹால்மார்க் இருக்க வேண்டும். நம்ம நகைக்கடையில் பிஐஎஸ் முத்திரை பார்ப்பது போலத்தான். எடின்பரோவின் அடையாளம் மூன்று கோபுரக் கோட்டை. பர்மிங்காமுக்கு நங்கூரம். இதில் ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. முத்திரை சொல்வது உலோகத்தை எங்கே சோதித்தார்கள் என்பதை மட்டுமே. பையை எங்கே தைத்தார்கள் என்பதை அல்ல. ‘ஈபிஎன்எஸ்’ என்று இருந்தால் அது வெள்ளி முலாம், வெள்ளி கிடையாது.

குதிரை முடி தொங்கும் நீளமான ஸ்போரன்கள் பெரும்பாலும் ராணுவத்தைச் சேர்ந்தவை. குஞ்சத்தை எண்ணினாலே ஓரளவு பிடித்துவிடலாம்: வெள்ளை முடியில் ஐந்து கறுப்புக் குஞ்சம் என்றால் பிளாக் வாட்ச், கறுப்பு முடியில் ஆறு வெள்ளைக் குஞ்சம் என்றால் ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட். இந்தப் பழைய ரெஜிமென்ட்கள் 2006-ல் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்துக்குள் இணைந்துவிட்டன. அதனால் சேகரிப்பவர்கள் மத்தியில் இவற்றுக்கு மவுசு. மவுசு இருக்கும் இடத்தில் நகலும் இருக்கும்.

எங்கே செய்தது என்பது ஏன் முக்கியம்?

சந்தையில் சில பத்து பவுண்டுக்குக் கிடைக்கும் ஸ்போரன்களில் நிறைய பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்யப்படுபவை. கால்பந்து, அறுவை சிகிச்சைக் கருவி, பேக்பைப், கில்ட் என்று ஏற்றுமதிக்கே வாழும் ஊர் அது. நம்ம ஊர் மீரட்டும் பேண்டு வாத்தியங்களுக்குப் பேர் போனது. இந்திய ராணுவத்தின் பைப் பேண்டுகள் பிரிட்டிஷ் காலத்திலிருந்து தொடர்பவை. ஆக, ‘சியால்கோட் என்றாலே மட்டம்’ என்ற பேச்சில் நியாயம் இல்லை. அங்கே நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்த பை வேறொரு ஊர்ப் பெயரில், வேறொரு விலையில் விற்கப்படுவதுதான் பிரச்சினை. அதில் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல, செய்தவரும்தான்.

ஹாரிஸ் ட்வீட் துணிக்கு 1993-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில், நெசவாளர் வீட்டில் கைத்தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர். ஸ்போரனுக்கு அப்படி ஒரு கவசம் இல்லை. பொய்யான விவரம் சொல்லி விற்பது பொதுவான நுகர்வோர் சட்டப்படி தவறு, அவ்வளவுதான். தோல் ஒரு நாட்டில், உலோகம் இன்னொரு நாட்டில், கடைசித் தையல் கிளாஸ்கோவில் என்றால் அதை எந்த ஊர்ச் சரக்கு என்பது?

இந்தக் கேள்விக்கு இப்போது காசு மதிப்பும் வந்துவிட்டது. 800 டாலருக்குக் குறைவான பார்சல்களுக்கு வரி இல்லை என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அப்போதைய நிலவரப்படி பிரிட்டன் பொருளுக்கு அடிப்படை 10%, பாகிஸ்தான் பொருளுக்கு 19%, இந்தியப் பொருளுக்கு 50%. வரி பார்சல் கிளம்பிய நாட்டுக்கு அல்ல, பொருள் உருவான நாட்டுக்கு. எடின்பரோவிலிருந்து தபாலில் வந்தாலும் உள்ளே இருப்பது சியால்கோட் பை என்றால் கணக்கு மாறும். விகிதங்கள் அதன் பிறகு மாறிக்கொண்டே இருப்பதால், வாங்கும் நாளில் பார்த்துக்கொள்வது நல்லது.

யாரிடம் வாங்குறோம்?

பிரிட்டனில் வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால், பொருள் கையில் வந்ததிலிருந்து 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். செகண்ட் ஹேண்ட் என்றாலும் இந்த உரிமை உண்டு. ஏலத்தில் எடுத்தால் மட்டும் விதி வேறுபடலாம். ஆனால் வீட்டு அலமாரியைக் காலி செய்யும் தனிநபரிடம் வாங்கினால் இந்த உரிமை கிடையாது. விளம்பரத்தில் எழுதியது பொய் என்று காட்டினால்தான் வழி. அதனால் ‘சீல் தோலா?’, ‘எங்கே செய்தது?’ என்ற இரண்டையும் போனில் கேட்காமல், தளத்தின் மெசேஜிலேயே கேட்டு வைங்க. பதில் எழுத்தில் இருந்தால், நாளைக்குத் தளத்திடமோ சுங்க அதிகாரியிடமோ காட்டுவதற்கு அது ஒன்றாவது கையில் இருக்கும்.