சென்னைக்குப் பெரிய பஸ் ஒத்துவராதா?

மாடி பஸ், இரு பகுதிகள் இணைந்த வெஸ்டிபுல் பஸ் என்று பேச்செடுத்தாலே, "சென்னை ரோட்டுக்கு அதெல்லாம் சரிப்படாது, மினி பஸ்ஸை அதிகமாக விட்டாலே போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். காலை எட்டரை மணிக்கு ஜி.எஸ்.டி. சாலை நிறுத்தத்தில் நின்று, படிக்கட்டு வரை பிதுங்கி வரும் பஸ்ஸில் ஏற முடியாமல் தவிப்பவர்களிடம் இதைச் சொல்ல முடியாது.

சாலையை அடைத்துக்கொள்ளும் என்பது முதல் வாதம். வெஸ்டிபுல் பஸ்ஸின் நீளம் 18 மீட்டர். 12 மீட்டர் பஸ் இரண்டு ஓடினால் 24 மீட்டர். நடுவில் விடும் இடைவெளி வேறு. மாடி பஸ்ஸோ சாதாரண பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றுகொள்ளும்.

மரக்கிளையும் கேபிள் வயரும் இடிக்கும் என்கிறார்கள். இடிக்கும்தான். தி.நகர் சந்துகளுக்குள் மாடி பஸ் விட யாரும் கேட்கவில்லை. பாரிமுனை–தாம்பரம் 18ஏ தடத்தில் மாடி பஸ் ஓடிய ஊர் இது. அப்படிப்பட்ட நெடுஞ்சாலைத் தடங்களுக்கு மட்டுமே கேட்கிறோம். மினி பஸ் உட்தெருக்களிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அந்த வேலைக்கு அது அருமையான வண்டி.

மாடி பஸ்ஸுக்கு இரண்டு கண்டக்டர் வேண்டும், கட்டுப்படியாகாது என்பதுதான் அடிக்கடி கேட்கும் கணக்கு. அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே கூட்டத்தை இரண்டு பஸ்ஸில் ஏற்றினால் இரண்டு டிரைவர், இரண்டு கண்டக்டர் என நான்கு பேர் வேண்டும். மாடி பஸ்ஸுக்கு மூன்று பேர் போதும். மினி பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஆள்கணக்கு இன்னும் ஏறும்.

ஏறி இறங்க நேரமாகும் என்பதில் நியாயம் இருக்கிறது. கண்டக்டர் பின்சீட்டிலிருந்து நகர முடியாமல், சில்லறையும் டிக்கெட்டும் பத்துக் கை மாறிப் போய் வரும் பஸ்ஸை நீளமாக்கினால் தாமதமும் நீளும்தான். அதனால்தான் வெஸ்டிபுல் பஸ்ஸுக்கு அகலமான கதவுகளும், ஏறும் முன்பே டிக்கெட் வாங்கும் வசதியும் வேண்டும். கொலம்பியாவின் போகோட்டா நகரம் 2000-இல் தன் பஸ் சேவையை இப்படித்தான் தொடங்கியது: தனிப்பாதை, உயர்ந்த நடைமேடை, முன்கூட்டியே கட்டணம். மாடிப்படி ஏறுவதும் நேரம் பிடிக்கும். ஆகவே தாம்பரம் வரை போகிறவர்கள் மிகுந்த நீண்ட தடத்துக்கே மாடி பஸ் பொருந்தும்.

"ஒருமுறை விட்டுப் பார்த்தாயிற்றே" என்பார்கள். 2008-இல் இங்கே நின்றுபோன மாடி பஸ்கள் பழைய டீசல் வண்டிகள். 2023 முதல் மும்பையில் 65 இருக்கைகளோடு ஏசி மின்சார மாடி பஸ் ஓடுகிறது. அதைத் தயாரித்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் துணை நிறுவனம்.

பெரிய பஸ் வந்ததைக் காட்டி நடைகளைக் குறைத்தால் மட்டும் நானும் எதிர்ப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்த பஸ் இருபது நிமிடத்துக்கு ஒன்றாகிவிடக் கூடாது. இப்போதுள்ள நடைகளில் ஒன்றையும் குறைக்காமல், காலை மாலை நெரிசல் நேரத்தில் தாம்பரம் தடத்தில் போக்குவரத்துக் கழகம் பெரிய பஸ்ஸை ஓட்டிப் பார்க்க வேண்டும்.