தக்காளிக்குக் காவல்

புழுவைக் கண்டவுடன் நஞ்சைத் தேடி ஓடுதல் நம்மவர் வழக்கமாயிற்று. யானும் சென்ற கோடையில் அதனையே செய்தேன். எங்கள் வீட்டுப் புழக்கடையிலிருந்த தக்காளிக் காய்கள் துளைபட்டிருக்கக் கண்டு, கடையில் வாங்கிய மருந்தை அளவின்றித் தெளித்தேன். பூக்களை நாடிய வண்டுகள் மறைந்தன. புழுவோ காயினுள் நலமாகவே இருந்தது.

பிழை எங்கேயென்று பின்னரே உணர்ந்தேன். காய்ப்புழுவின் தாய் இரவில் உலவும் அந்துப்பூச்சியாம். அது தளிரிலும் பூவருகிலும் முட்டைகளைத் தனித்தனியே இடும். பொரித்த புழு முதலில் தழையைத் தின்று, வளர்ந்தபின் காயைத் துளைக்கும். துளைத்தபின் தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது. 2014ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முதற் காணப்பட்ட ஊசிப்புழுவும் இலைக்குள்ளும் காய்க்குள்ளும் ஒளிந்தே வாழ்வது. ஆகலின், காலமறிந்து காத்தலே காவல்.

வேளாண் நூலோர் கூறும் வழி எளிது. 25 நாள் தக்காளி நாற்று 16 வரிசைக்கு, 40 நாள் துலுக்கச்சாமந்தி நாற்று ஒரு வரிசை நடுக. அந்துப்பூச்சி சாமந்திப் பூவை விரும்பி அங்கே முட்டையிடும். வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்துத் தெளித்தால், இளம்புழு தழையை வெறுக்கும். துளைபட்ட காய்களைப் பறித்து அழித்துவிடின், எஞ்சிய காய்கள் பிழைக்கும்.

இவையெல்லாம் தொல்லையென்பார் உளர். நாள்தோறும் காலையில் அரை நாழிகை இலையைப் புரட்டிப் பார்ப்பது தொல்லையாயின், தோட்டம் இடுவதெதற்கு? நண்பர்காள்! நஞ்சு இறுதிப் படையாகுக. உழவன் கண்ணே முதற்படையாகுக.