பைலட் லைசென்ஸ் கையில இருக்கு... அப்புறம் எதுக்கு மாநிலத்துக்கு 12 டாலர்?

சென்னையில் எடுத்த டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு காஷ்மீர் வரை வண்டி ஓட்டலாம். வண்டிக்கு ரோடு டாக்ஸ் கட்டுகிறோம், சரி. "வண்டி ஓட்டத் தெரிஞ்சதுக்கும் மாநிலத்துக்குத் தனியா கட்டணும்"னு யாராவது சொன்னா கடுப்பாகும்தானே? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வசிக்கும் பைலட்களிடம் சட்டம் அப்படித்தான் கேட்கிறது.

அங்கே பைலட் லைசென்ஸ் தருவது மத்திய அரசின் எஃப்.ஏ.ஏ. அது 50 மாநிலங்களிலும் செல்லும். தொலைந்துவிட்டால் மாற்று அட்டைக்கு வெறும் 2 டாலர். ஆனால் ஆரிகனில் வசிக்கும் பைலட், மாநில விமானத் துறையிடமும் பெயரைப் பதிய வேண்டும். முதல் முறை 12 டாலர், பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை 24 டாலர். விமானத்துக்கான பதிவு இதில் சேராது, அது தனி.

காசு எங்கே போகுது?

காணாமல்போகும் விமானங்களைத் தேடுவதற்கு. மலையும் அடர்ந்த காடும் நிறைந்த ஊர் அது. சின்ன விமானம் ஒன்று விழுந்தால் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை.

எவ்வளவு செலவாகும் என்பதற்கு பக்கத்து மாநிலமான நெவாடாவே சாட்சி. 2007 செப்டம்பரில், சாகசப் பயணங்களுக்குப் பேர்போன கோடீஸ்வரர் ஸ்டீவ் ஃபாசெட், குட்டி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். திரும்பவில்லை. 'சிவில் ஏர் பேட்ரோல்' தன்னார்வலர்கள் உட்படப் பலர் வாரக்கணக்கில் தேடினார்கள். விமானத்தின் சிதைவுகள் கிடைத்தது அடுத்த வருடம், கலிஃபோர்னியா மலையில். நெவாடா அரசுக்கு மட்டும் ஆன செலவு சுமார் 6.8 லட்சம் டாலர்!

இப்போ ஒரு சின்ன கணக்கு. ஆரிகன் கட்டணம் வருடத்துக்கு 12 டாலர். அப்படி ஒரே ஒரு தேடலுக்கு, சுமார் 57,000 பைலட்களின் ஒரு வருடக் கட்டணம் தேவைப்படும். ஆக, இந்தப் பணம் முழுச் செலவையும் தாங்காது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைக்கிற பொது உண்டியல், அவ்வளவுதான்.

பைலட் மட்டும் இளிச்சவாயனா?

நியாயமான கேள்வி. மலையேறப் போகிறவரும்தான் தொலைந்துபோகிறார். அவருக்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 25 டாலருக்கு ஓர் அட்டை விற்கிறது. வாங்குவது அவரவர் விருப்பம். அலட்சியத்தால் சிக்கியவரிடம் அந்த அட்டை இல்லையென்றால், மீட்ட பிறகு பில் வரலாம்.

ஆபத்தே அந்த பில்லில்தான் இருக்கிறது. மீட்புக்குக் காசு வசூலிப்பதை அமெரிக்காவின் மலை மீட்புக் குழுக்களின் சங்கமே எதிர்க்கிறது. காரணம் எளிது: பில்லுக்குப் பயந்து உதவி கேட்கத் தாமதித்தால், உயிர் போய்விடும். கால் உடைந்து கிடக்கும்போது, "எவ்வளவு ஆகும்?" என்று நீங்கள் யோசிக்கக் கூடாது இல்லையா?

அப்படிப் பார்த்தால், முன்கூட்டியே எல்லோரிடமும் சின்னத் தொகை வாங்குவதே மேல். ஆனால், அந்த உண்டியலில் எவ்வளவு சேர்ந்தது, எத்தனை தேடலுக்குப் போனது என்பதை வருடா வருடம் பைலட்டுக்குச் சொல்ல வேண்டும். கணக்கைக் காட்டினால் அது காப்பீடு. காட்டாவிட்டால், லைசென்ஸுக்கு மேல் இன்னொரு வரி!