காவல் நின்றவர்

கோல் அடித்தவர் பெயர் மறுநாட் பத்திரிகையில் வரும்; அடிக்க வந்தவரைத் தடுத்து நிறுத்தியவர் பெயர் வருதல் அரிது. விளையாட்டுக்களின் வரலாறு பெரும்பாலும் எண்ணக்கூடியவற்றை எண்ணியே எழுதப்பெறுகின்றது. எண்ணுக்கு அகப்படாத திறமையுடையார் ஒருவர்க்கு நேர்ந்த குறையினை எடுத்துரைக்கவே யாம் இக்கட்டுரை எழுதத் துணிந்தோம். அவர் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் 1924-ஆம் ஆண்டு பிறந்த டக் ஹார்வி என்பார். பனித்தரை ஹாக்கியிற் காப்பாட்டக்காரராய்த் தொழில் நடத்தியவர்.

அவ்விளையாட்டு நம்மவரிற் பலர் கண்டறியாதது. உறைந்த நீர்ப்பரப்பின்மேல், எஃகலகு பொருத்திய காலணி பூண்டு, அணிக்கு அறுவராகச் சறுக்கி ஆடுவர். பந்துக்கு மாறாக மூன்றங்குல விட்டமும் ஓரங்குலக் கனமும் உடைய ரப்பர் வட்டு ஒன்றுண்டு. அதனைப் ‘பக்’ என்பர். கோல் காப்பவர் ஒருவர், முன்னணியாளர் மூவர். இவர்களுக்கிடையே நிற்கும் இருவரே காப்பாட்டக்காரர். மதில் வளைத்தலைச் சொல்லும் உழிஞையுள்ளே மதில் காத்தலையும் தொல்காப்பியர் அடக்கினாராக, புறப்பொருள் வெண்பாமாலையுடையார் அதனை நொச்சியெனத் தனித்திணையாக்கினார். இவ்விரண்டனுள் எது தக்கதென்று வகுப்பில் வாதிட்ட நாளில் யாம் பின்னவர் பக்கமே நின்றோம். ஹார்வியின் வாழ்க்கையைப் படித்தபின் அக்கருத்து எம்முள் இன்னும் வலுப்பெற்றது.

இரண்டாம் உலகப் போரிற் கனடியக் கடற்படையிற் பணி செய்து மீண்ட ஹார்வி, 1947-இல் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியிற் சேர்ந்தார். அக்காலத்துக் காப்பாட்டக்காரர் கடமை, வந்தவரை மோதி வீழ்த்துதலும், கைக்கெட்டிய வட்டினை எவ்விடமாயினும் ஆகுக என்று தொலைவில் அடித்து விடுதலுமே. ஹார்வியோ தம் கோலின் முன்னேயே வட்டினை மட்டையில் தாங்கி நின்று, எதிரி நெருங்கும்வரை பொறுத்து, தம்மவரில் ஒருவர் ஓடத் தொடங்கிய நொடியில் அவர் மட்டைக்கே சேர்ப்பார். இதனைச் சோம்பலென்று பழித்தாரும் உளர். ஆட்டம் விரைய வேண்டுமிடத்து விரையவும், தணிய வேண்டுமிடத்துத் தணியவும் செய்யும் கடிவாளம் அவர் கையிலிருந்ததென்பதைக் காண அவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

பெருங்குழாத்தில் அவர் ஆடிய ஆட்டங்கள் 1,113. அடித்த கோல்கள் 88. ஒரே பருவத்திற் பத்தினை அவர் ஒருபோதும் எட்டியதில்லை. ஆயினும் 452 கோல்களுக்கு வழி செய்தவராக ஏடுகள் அவரைக் குறிக்கின்றன. எதிரணியார் ஒருவர் தண்டனை பெற்று வெளியிருக்கும் பொழுது கனேடியன்ஸ் கொள்ளும் வேகம் பேர்போனது. 1955 நவம்பரில் பாஸ்டன் அணிக்கு எதிராக ழான் பெலிவோ 44 விநாடிகளில் மூன்று கோல் அடித்தார். அதுகாறும் தண்டனை பெற்றவர் இரண்டு நிமிடமும் முழுமையாக வெளியே இருத்தல் வேண்டும். ஒரு கோல் விழுந்ததும் அவர் மீளலாமென்று 1956-இல் விதியையே மாற்றினர். அத்தாக்குதலைப் பின்னின்று இயக்கியவர்களுள் ஹார்வி தலையாயவர். 1953-இலும், பின்னர் 1956 முதல் 1960 வரை இடையறாது ஐந்து முறையும் அவ்வணி ஸ்டான்லி கிண்ணம் வென்றது.

காவலர்க்கு நேரும் இடர் ஒன்றனையும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். 1954-ஆம் ஆண்டு இறுதிப்போட்டியின் ஏழாம் ஆட்டம், டெட்ராய்ட்டுடன் சமநிலை, கூடுதல் நேரம். டோனி லெஸ்விக் என்பார் பொருட்படுத்தாது தூக்கியடித்த வட்டினைத் தடுக்க ஹார்வி கை நீட்டினார். அது அவர் கையுறையிற் பட்டுத் திரும்பித் தம் கோலுள்ளேயே வீழ்ந்தது. கிண்ணம் போயிற்று. அப்பருவத்தில் அவர் தடுத்தவை எத்தனை என்று எவரும் கணக்கு வைத்திலர். தடுக்கத் தவறிய இஃதொன்று மட்டும் வரலாறாய் நிற்கின்றது.

இனி எம் வழக்கின் முதன்மையான பகுதிக்கு வருவோம். அந்நாளில் குழாத்தில் அணிகள் ஆறே. ஓர் அணியிற் கையெழுத்திட்டவர், அவ்வணியார் விடுத்தாலன்றி வேறணிக்குச் செல்ல இயலாது. ஓய்வூதிய நிதிக்குத் தம் ஊதியத்திலிருந்தே பணம் செலுத்தியும், அதன் கணக்கினைக் காண ஆட்டக்காரர்க்கு உரிமையில்லை. 1957-இல் டெட்ராய்ட்டின் டெட் லிண்ட்ஸே தலைவராகவும் ஹார்வி துணைத்தலைவருள் ஒருவராகவும் நின்று ஆட்டக்காரர் சங்கம் ஒன்று கண்டனர். அவ்வாண்டே லிண்ட்ஸே சிகாகோவுக்கு அனுப்பப்பெற்றார். டொராண்டோவின் ஜிம்மி தாம்சனும் அங்கேயே சென்றார். சங்கம் சில சலுகைகளோடு 1958-இன் தொடக்கத்தில் முடிந்தது. புகழின் உச்சியிலிருந்த ஹார்விக்குத் தம் பொருட்டு இச்சங்கம் வேண்டியதாயிருந்திருக்க முடியாது. தாழ்ந்த ஊதியத்தார் பொருட்டே அவர் அதில் நின்றாரென்பது எம் துணிபு.

1960-இல் அணித்தலைவரான அவரை அடுத்த ஆண்டே நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாற்றினர். சங்கத்திற்காகத் தந்த தண்டனை இதுவென்பார் ஒருசாரார். அகவை முப்பத்தாறாகியதும், சிகாகோவிடம் அணி தோற்றதுமே காரணமென்பார் மற்றொருசாரார். பின்னவர் கூற்றினை யாம் முற்றும் தள்ளுகின்றிலேம். ஆயினும் முதுமையால் தளர்ந்தாரென்று கழிக்கப்பட்டவர், நியூயார்க்கில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருங்கே நின்று, நான்காண்டுகளுக்குப்பின் அவ்வணியை இறுதிச்சுற்றுக்களுட் புகுத்தி, அப்பருவத்திற் சிறந்த காப்பாட்டக்காரர்க்குரிய நாரிஸ் கிண்ணத்தையும் பெற்றாரே. இதற்கு அவர்கள் யாது கூறுவர்?

பின்னர்ச் சிற்றணிகள் பலவற்றில் அலைந்தார். 1968-இல், நாற்பத்து மூன்றாம் அகவையில், செயிண்ட் லூயி அணிக்காக இறுதிப்போட்டியில் ஆடினார், எதிர்நின்றது மாண்ட்ரியல். குடிப்பழக்கமும் மனநோயும் அவரை வருத்தின; அவற்றை மறைத்தல் எம் கருத்தன்று. 1973-இல் புகழ்மன்றத்திற் சேர்த்தபொழுது அவர் விழாவுக்கே சென்றிலர். முதுமையில் ஆட்டவா நகரின் அருகே, குதிரைப்பந்தயத் திடல் ஒன்றில், பழைய ரயில் பெட்டியினுள் வாழ்ந்தார். 1985-இல் தான் கனேடியன்ஸ் அவருடைய இரண்டாம் எண்ணை வேறெவர்க்கும் வழங்குவதில்லை யென்று அறிவித்தது. நான்காண்டுகளில் அவர் இறந்தார்.

நாரிஸ் கிண்ணம் டெட்ராய்ட் அணியின் உடைமையாளராயிருந்த ஜேம்ஸ் நாரிஸ் நினைவாக அவர் மக்கள் நிறுவியது. லிண்ட்ஸே அனுப்பப்பெற்ற நாளில் டெட்ராய்ட் அவருடைய ஒரு மகன் கையிலும், சிகாகோ மற்றொரு மகன் கூட்டிலும் இருந்தன. அக்கிண்ணத்தைப் பெற்றோர் வரிசையில் 1955 முதல் 1962 வரை, தம் தோழர் டாம் ஜான்சன் பெற்ற 1959 நீங்கலாக, டக் ஹார்வியின் பெயர் ஏழுமுறை காணப்படுகின்றது.